சார்ஜென்ட் பெப்பரைப் பிரித்துக் கேட்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பல வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் என் ஹெட்போனில் ஒரு பக்கம் வேலை செய்யாமல் போனது. அப்போது ஓடிக்கொண்டிருந்தது பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆல்பமான 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்', அதிலும் கடைசிப் பாட்டான 'எ டே இன் த லைஃப்'. எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. ஆனால் அன்றைக்கு கிட்டாரும் பியானோவும் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது, ஜான் லெனனின் குரல் மட்டும் எங்கோ அடுத்த அறையில் கேட்டு, பாட்டு போகப் போக மெல்ல நடந்து என் பக்கம் வந்தது. ஹெட்போன் கெட்டுப்போனதை மறந்துவிட்டு அதே பாட்டை நாலைந்து முறை திரும்பத் திரும்பப் போட்டேன். ஒரு பாட்டைப் பிரித்துக் கேட்கிற ஆசை எனக்கு அங்கே தொடங்கியது.

இப்போது அதற்கு மென்பொருள் வந்துவிட்டது, இலவசமாகவே கிடைக்கிறது. ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் நேராக மென்பொருளுக்குப் போய், பாட்டை நாலாகப் பிரித்து, இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு 'அவ்வளவுதானா' என்று மூடிவிடுகிறார்கள். இந்த ஆல்பம் எப்படிப் பதிவானது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால்தான் காதில் விழுவது என்னவென்று புரியும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாலே நாலு டிராக்

1966 நவம்பர் கடைசியில் தொடங்கிய வேலை 1967 ஏப்ரல் வரை பெரும்பாலும் லண்டன் அபே ரோட்டில் இருந்த இஎம்ஐ ஸ்டுடியோவில் நடந்தது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமெரிக். அவர்கள் கையில் இருந்தது ஸ்டூடர் ஜே37 என்ற டேப் மெஷின், ஓர் அங்குல அகல டேப், அதில் மொத்தம் 4 டிராக், அதாவது தனித்தனியாகப் பதியக்கூடிய 4 ஒலித்தடம். இன்றைக்கு ஒரு லேப்டாப்பில் டிரம்ஸுக்கு மட்டுமே பத்துப் பன்னிரண்டு டிராக் ஒதுக்குகிறோம். அங்கே முழுப் பாட்டுக்கும் நாலு.

நாலும் நிரம்பிவிட்டால் என்ன செய்வார்கள்? நாலையும் கலந்து இன்னொரு மெஷினில் ஒன்றாகவோ இரண்டாகவோ சுருக்கிப் பதிவார்கள். அங்கே புதிதாக இரண்டு மூன்று டிராக் காலியாகக் கிடைக்கும், அதன்மேல் அடுத்த வாத்தியங்களை ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் முன்னால் வாசித்ததெல்லாம் ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு பிரிக்க முடியாது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 'கிட்டார் மட்டும் தனியாக' என்று நீங்கள் தேடுகிற பொருள் பல பாடல்களில் இருந்ததே கிடையாது. 'எ டே இன் த லைஃப்' பாட்டின் முதல் பதிவு 1967 ஜனவரி 19 அன்று நடந்தது. லெனன் அக்கூஸ்டிக் கிட்டார், பால் மெக்கார்ட்னி பியானோ, ரிங்கோ ஸ்டார் போங்கோ, ஜார்ஜ் ஹாரிசன் மராக்காஸ். நாலு பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசித்தார்கள். ஒருவருடைய சத்தம் இன்னொருவருடைய மைக்கில் விழத்தான் செய்யும். பாடுகிறவர் போட்டிருக்கும் ஹெட்போனிலிருந்து கசிகிற சத்தம்கூடக் குரல் டிராக்கில் பதிந்திருக்கும். அப்படிக் கசிவது குறை கிடையாது. அந்த அறை எவ்வளவு பெரியது, யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை நமக்குக் காட்டுவதே அதுதான்.

எந்தப் பிரதி

அடுத்த வேலை, சரியான பிரதியை எடுப்பது. இந்த ஆல்பத்துக்குக் குறைந்தது மூன்று முகங்கள் இருக்கின்றன.

1967இல் வந்த மோனோ மிக்ஸ் ஒன்று, இடது வலது பிரிவு இல்லாமல் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்தது. குழுவினர் கூட இருந்து, நிறைய நேரம் செலவழித்துச் செய்தது இதைத்தான். அதே வருடம் வந்த ஸ்டீரியோ மிக்ஸ் இரண்டாவது, இதை வேகமாக முடித்தார்கள். வாத்தியங்களை இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் தள்ளி வைத்திருப்பார்கள். ரசிகர்கள் பலர் அதைக் குறையாகச் சொல்வார்கள், நமக்கோ அது வரப்பிரசாதம். மூன்றாவது, 2017இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின், சாம் ஓகெலுடன் சேர்ந்து செய்த புதிய ஸ்டீரியோ. சுருக்குவதற்கு முன்னால் இருந்த முதல் டேப்புகளுக்கே திரும்பிப் போய் அவற்றை ஒன்றாக அடுக்கிக் கலந்தார்கள். அதனால் இதில் டிரம்ஸும் பாஸும் பளிச்சென்று கேட்கும்.

ஸ்டீரியோவில் ஒரு பாட்டையும் மோனோவில் அதே பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது ஒரு விஷயம் குழப்பும். 'ஷீஸ் லீவிங் ஹோம்' பழைய ஸ்டீரியோவில் ஏறக்குறைய 3 கட்டையில் இருக்கும், மோனோவில் 4 கட்டை. டேப்பை ஓட்டிய வேகம் வேறு. 2017 மிக்ஸ் மோனோவின் வேகத்தைப் பின்பற்றுகிறது. 'வென் ஐ'ம் சிக்ஸ்டி ஃபோர்' பாட்டையும் பதிவு செய்த பிறகு வேகத்தைக் கூட்டி ஒன்றரைக் கட்டைக்கு ஏற்றியிருக்கிறார்கள், மெக்கார்ட்னியின் குரல் இளமையாகக் கேட்பதற்காக. உங்கள் கீபோர்டில் கூட வாசித்துப் பார்க்கும்போது ஸ்ருதி சேரவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம், காதைச் சந்தேகப்படாதீர்கள்.

கோப்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று: சிடியிலிருந்து எடுத்த வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக இருக்கட்டும். எம்பி3 கோப்பில் சுருக்குவதற்காகத் தூக்கி எறிந்த சத்தங்கள், நாம் பிரிக்கும்போது சரசரவென்று நீர் ஓடுகிற மாதிரி வெளியே வந்து நிற்கும்.

அப்புறம், மென்பொருளே தேவைப்படாத வழியும் இருக்கிறது. 2017இன் பெரிய பெட்டிப் பதிப்பில் ஒத்திகைப் பதிவுகள் இரண்டு சிடி நிறைய உண்டு. குரல் இல்லாத 'ஷீஸ் லீவிங் ஹோம்', தனியாக ஆர்கெஸ்ட்ரா மட்டும், தனியாகக் கடைசி பியானோ ஸ்வரம் என்று. 1996இல் வந்த 'ஆந்தாலஜி 2' தொகுப்பிலும் சில உண்டு. அதில் 'எ டே இன் த லைஃப்' தொடங்குவதற்கு முன்னால், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவதற்குப் பதிலாக லெனன் 'சுகர்பிளம் ஃபேரி, சுகர்பிளம் ஃபேரி' என்று முணுமுணுப்பதைக் கேட்கலாம். காசு கொடுத்து வாங்க முடிந்தால் இதில் தொடங்குவதுதான் நல்லது. இணையத்தில் கசிந்த டேப்புகளின் நகல்களும் சுற்றுகின்றன, நான் அவற்றைக் கைகாட்டப் போவதில்லை. நீங்கள் வீட்டில் பிரிப்பதையும் வீட்டிலேயே கேளுங்கள், எங்கும் ஏற்ற வேண்டாம்.

ஒரு காது மட்டும்

1967 ஸ்டீரியோவைப் போட்டு ஹெட்போனில் ஒரு பக்கத்தை மட்டும் கேளுங்கள். கழற்றி வைக்கலாம், ஆனால் அந்தப் பக்கத்துச் சத்தம் லேசாக வந்துகொண்டே இருக்கும். போன் அமைப்புகளில் அணுகல்தன்மை பகுதிக்குள் ஆடியோ பேலன்ஸ் என்று இடது வலது நகர்த்துகிற கோடு ஒன்று இருக்கும், அதை ஒரு ஓரத்துக்கு முழுதாக இழுத்துவிடுங்கள். அங்கேயே மோனோ ஆடியோ என்று ஒரு பொத்தான் இருந்தால் அது அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு பக்கமும் கலந்துவிடும்.

முதலில் இடது, முழுப் பாட்டும். பிறகு வலது, முழுப் பாட்டும். 'எ டே இன் த லைஃப்' எடுத்தால் குரல் பாட்டின் போக்கில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்வதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் என்ன கேட்டது என்று எழுதுங்கள். இந்தத் தாள் பின்னால் மென்பொருள் தப்புச் செய்கிற இடத்தைப் பிடிக்க உதவும், அதனால் சோம்பல்படாமல் எழுதிவிடுங்கள்.

நடுவில் இருப்பதை எடுத்துவிடுவது

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். பாட்டைத் திறங்கள். டிராக்கின் பெயரைச் சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும், அதில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இடதும் வலதும் இரண்டு தனி டிராக்காகப் பிரிந்து நிற்கும். கீழே இருப்பதை மட்டும் தேர்ந்தெடுத்து எஃபெக்ட் பட்டியலில் 'இன்வர்ட்' கொடுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள்.

நடந்தது இதுதான்: இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிற சத்தம் நமக்கு நடுவிலிருந்து வருவதாகக் கேட்கும். ஒரு பக்கத்தின் அலையை மேல் கீழாகத் திருப்பிவிட்டால், நடுவில் இருந்தவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஓரங்களில் இருந்தவை மட்டும் மிஞ்சும். 2017 மிக்ஸில் செய்தால் குரலும் பாஸும் டிரம்ஸும் பெருமளவு காணாமல் போய், குரலின் எதிரொலி மட்டும் ஆவி மாதிரி மிதக்கும். எனக்கு இது பிடிக்கும். அந்த எதிரொலியை எவ்வளவு கவனமாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று குரல் இருக்கும்போது தெரியவே தெரியாது.

மென்பொருளிடம் கொடுப்பது

2019 நவம்பரில் டீசர் என்ற இணைய இசைச் சேவை நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற கருவியை இலவசமாக வெளியிட்டது. ஃபேஸ்புக்கின் ஆராய்ச்சிப் பிரிவு டெமக்ஸ் என்ற இன்னொரு கருவியை வெளியிட்டது. இன்றைக்கு நான் சொல்வது டெமக்ஸைத்தான், தரம் மேல். கட்டளை வரியில் தட்டச்சு செய்யப் பயமாக இருந்தால் 'அல்டிமேட் வோக்கல் ரிமூவர்' என்ற இலவசச் செயலியை நிறுவுங்கள், அதற்குள்ளேயே டெமக்ஸ் இருக்கிறது.

எந்தக் கோப்பு, எங்கே சேமிப்பது என்று காட்டுங்கள். முறை என்ற இடத்தில் டெமக்ஸ், மாதிரி (மாடல்) என்ற இடத்தில் நாலாம் பதிப்பின் எச்டி டெமக்ஸ் (htdemucs), எல்லாப் பிரிவுகளும் வேண்டும் என்று தேர்வு செய்து தொடங்குங்கள். பெயர் 'எஃப்டி' (ft) என்று முடிகிற மாடல் இன்னும் கொஞ்சம் சுத்தமாகப் பிரிக்கும், ஆனால் நாலு மடங்கு நேரம் எடுக்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண லேப்டாப்பில் அதை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுங்கள்.

முடிவில் நாலு வேவ் கோப்புகள் கிடைக்கும்: குரல், டிரம்ஸ், பாஸ், மற்றவை. கிட்டாரையும் பியானோவையும்கூடத் தனியே எடுக்கிற ஆறு பிரிவு மாதிரியும் உண்டு. கிட்டார் பரவாயில்லை, பியானோ இன்னும் சரியாக வரவில்லை.

நாலையும் ஆடாசிட்டியில் ஒன்றாக இழுத்துப் போடுங்கள். எல்லாம் ஒரே நொடியில் தொடங்கும். ஒவ்வொரு டிராக்கின் ஓரத்திலும் 'சோலோ', 'மியூட்' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். இனி எல்லா வேலையும் அந்த இரண்டு பொத்தான்களில்தான்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த மென்பொருள் டேப்பிலிருந்து எதையும் எடுத்துத் தரவில்லை. ஏற்கெனவே பிரித்து வைத்த ஏராளமான பாடல்களைக் கேட்டுப் பழகி, 'டிரம்ஸ் என்றால் இப்படி இருக்கும்' என்று ஊகித்துத் தருகிறது. ஊகம் தவறும் இடங்களில் சிம்பல் தகரம் மாதிரி கேட்கும், குரலின் 'ஸ' உச்சரிப்பு டிரம்ஸுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் எழுதி வைத்த தாளை அப்போது எடுத்துப் பாருங்கள்.

பிரித்ததைக் கேட்பது

நான் பாஸில் தொடங்கச் சொல்வேன். இந்த ஆல்பத்தில் மெக்கார்ட்னி பெரும்பாலும் பாஸைக் கடைசியில், மற்றவர்கள் வாசித்து முடித்த பிறகு, தனி டிராக்கில் ரிக்கன்பேக்கர் என்ற பாஸ் கிட்டாரில் வாசித்தார். மற்ற எல்லாம் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வாசிக்க அவருக்கு அவகாசம் கிடைத்தது. தலைப்புப் பாட்டில் பாஸ் கிட்டாரை ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) கொடுக்காமல் நேரடியாக ஒலிக்கலவை மேசைக்கு இணைக்கும் பெட்டியைப் பயன்படுத்தினார்கள், அது அதே ஸ்டுடியோவின் பொறியாளர் கென் டவுன்சென்ட் செய்தது.

'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' எடுத்து பாஸை மட்டும் சோலோ செய்யுங்கள். பாடகர் ரிங்கோ, பாடுகிற மெட்டு எளிமையானது, குறுகிய வீச்சுக்குள்ளேயே நிற்கும். பாஸோ ஒரு வரி முடிந்ததும் மேலே தாவி, சிறிய பதில் ஒன்றைச் சொல்லிவிட்டு, அடுத்த வரி தொடங்கும் நொடியில் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். தனியாகக் கேட்டால் இரண்டாவது பாடகர் ஒருவர் கீழ்க்குரலில் பாடுவது போல இருக்கும். மூன்று முறை கேளுங்கள். பிறகு குரலை மட்டும் சேருங்கள், யார் எப்போது ஒதுங்கி வழிவிடுகிறார்கள் என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் சேருங்கள். இப்போது முழுப் பாட்டிலும் அந்த பாஸ் உங்கள் காதை விட்டுப் போகாது. பிரிப்பதில் எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிக் கட்டம்தான். திரும்பச் சேர்க்காமல் பிரித்ததை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் பாட்டு கையைவிட்டுப் போய்விடும்.

டிரம்ஸுக்கு மறுபடியும் 'எ டே இன் த லைஃப்'. டிரம்ஸையும் பாஸையும் பிப்ரவரி 3 அன்று அழித்துவிட்டு மறுபடி வாசித்தார்கள். ரிங்கோ இங்கே தாளம் காட்டுவதை விட்டுவிட்டு, குரல் மூச்சு விடுகிற இடங்களில் டாம் என்கிற முரசுகளில் உருண்டு பதில் சொல்கிறார். டாம்களின்மேல் துணி போட்டு அடிப்பது அவர் வழக்கம். தனியே கேட்கும்போது அந்தத் தோலின் மொத்தையான, ஈரமான சத்தத்தைக் கவனியுங்கள். எனக்கு அது தவிலின் இடந்தலையை நினைவூட்டுகிறது.

அதே பாட்டின் நடுவில் 24 பார் (தாளச் சுற்று) வெறுமையாக விட்டுவைத்தார்கள், அதில் என்ன வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. உதவியாளர் மால் எவன்ஸ் ஒன்று, இரண்டு என்று 24 வரை எண்ணினார், முடிந்ததும் ஓர் அலாரம் கடிகாரம் அடித்தது. பிப்ரவரி 10 அன்று 40 கலைஞர்கள் வந்து, தங்கள் வாத்தியத்தின் தாழ்ந்த ஸ்வரத்திலிருந்து உச்சம் வரை, பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்காமல் அவரவர் வேகத்தில் ஏறி அந்த இடத்தை நிரப்பினார்கள். அதை நாலு முறை பதிந்து ஒன்றாக அடுக்கினார்கள். 'மற்றவை' கோப்பின் சத்தத்தைக் குறைத்துவிட்டு 'குரல்' கோப்பைக் கூட்டினால், ஏறுகிற ஆர்கெஸ்ட்ராவுக்கு அடியில் எவன்ஸ் எண்ணுவது எதிரொலியோடு கேட்கும். அலாரமும் கேட்கும்.

தம்புரா எங்கே போனது?

'விதின் யூ விதவுட் யூ' பாட்டை மென்பொருளிடம் கொடுங்கள், அது திணறுவதைப் பார்க்கலாம். பீட்டில்ஸில் ஹாரிசன் மட்டுமே இருக்கிற பாட்டு இது. உடன் வாசித்தவர்கள் லண்டன் ஏஷியன் மியூசிக் சர்க்கிளைச் சேர்ந்த இந்தியக் கலைஞர்கள்: வில்லால் வாசிக்கிற தில்ரூபா, தபேலா, தந்திகளை மீட்டுகிற ஸ்வரமண்டல், தம்புரா. மார்ச் 15 அன்று அதைப் பதிந்தார்கள். ஏப்ரல் 3 அன்று 8 வயலின்களும் 3 செல்லோக்களும் சேர்ந்தன.

மேற்கத்தியப் பாடல்களில் பழகிய மென்பொருளுக்கு இந்த வாத்தியங்கள் அதிகம் பழக்கமில்லை. தபேலாவின் வலந்தலை டிரம்ஸுக்குள் போகும், இடது பக்கத்து டக்காவின் வழுக்கல் பாஸுக்குள் போகும், குரலோடு கூடவே இழைகிற தில்ரூபா அங்கங்கே குரல் கோப்பில் ஒட்டிக்கொண்டு வரும். நமக்கு அது பிரச்சினையே இல்லை, நம் காதுக்குத் தபேலா எது, தில்ரூபா எது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பாட்டுக்கு மென்பொருளை விட்டுவிட்டு 'ஆந்தாலஜி 2' தொகுப்பில் உள்ள குரலில்லாத பதிவை எடுங்கள். கொஞ்சம் மெதுவாக ஓடும். நடுப்பகுதியில் தில்ரூபாவும் சிதாரும் கேள்வி பதிலாகப் போகும்போது கையில் தாளம் போட்டுப் பாருங்கள், ஐந்தைந்தாக வரும், தகதகிட, தகதகிட. வயலின்கள் சேர்ந்ததும் அவற்றை மட்டும் கவனியுங்கள். நேர்க்கோட்டில் வாசித்துப் பழகிய மேற்கத்திய வயலின் கலைஞர்களை தில்ரூபாவின் கமகத்தைப் பின்தொடர வைத்திருக்கிறார் ஜார்ஜ் மார்ட்டின். அவர்கள் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்கிப் போகிற அந்த இடங்களுக்காகவே இதை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

கடைசி ஸ்வரம்

ஆல்பம் முடிகிற அந்த பியானோ கார்டுக்கு (ஒன்றாக அடிக்கிற சில ஸ்வரங்களுக்கு) மென்பொருள் வேண்டாம், பொறுமை போதும். பிப்ரவரி 22 அன்று லெனன், மெக்கார்ட்னி, ரிங்கோ, மால் எவன்ஸ் நாலு பேரும் மூன்று பியானோக்களில் ஒரே நேரத்தில் இ மேஜர் என்ற கார்டை அடித்தார்கள், ஜார்ஜ் மார்ட்டின் ஹார்மோனியத்தில் சேர்ந்துகொண்டார். அடித்துவிட்டு யாரும் அசையாமல் இருந்தார்கள். சத்தம் தேயத் தேயப் பொறியாளர் பதிவின் அளவை ஏற்றிக்கொண்டே போனார், அதனால் அது 40 நொடிக்கும் மேல் நீளும்.

ஆடாசிட்டியில் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதல் பாதியைச் சாதாரண அளவில் கேளுங்கள். பின்பாதியில் ஒலி தேய்கிற வேகத்துக்கே நீங்களும் சத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இரவு நேரமாக இருந்தால் நல்லது. பியானோ ஏறக்குறைய போய்விட்ட பிறகு அந்த அறை மட்டும் மிஞ்சும், அப்புறம் ஒரு நாற்காலி கிறீச்சிடும். 1967இல் யாரோ ஒருவரால் அதற்குமேல் அசையாமல் இருக்க முடியவில்லை.

அது கேட்டதும் உடனே சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். சிடியில் அடுத்து 15 கிலோஹெர்ட்ஸில் ஒரு கீச்சொலி வரும், வயதானவர்கள் காதுக்கு அது எட்டாது. அதைத் தொடர்ந்து சுற்றிச் சுற்றி வரும் பேச்சுக் குரல்கள் சட்டென்று காதில் இறங்கும், ஹெட்போனில் அந்த அளவுக்கு ஏற்றி வைத்திருந்தால் காது வலிக்கும்.